குடும்பப் பெயரா, டிஎன்ஏவா, பழைய ஏடா? மெக்சிகோ குடும்பங்களில் யூத வேரைத் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

மெக்சிகோவின் வடகிழக்கில், மொன்தெர்ரே, சால்தில்யோ பக்கம் வேர் உள்ள குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடும்: "நம் முன்னோர் யூதர்களாம், ரகசியமாக வாழ்ந்தார்களாம்." யார் சொன்னது என்று கேட்டால் பாட்டியையோ பெரியம்மாவையோ கை காட்டுவார்கள். ஆதாரம் கேட்டால், எங்கள் குடும்பப் பெயர் கார்சா, அது யூதப் பெயர் என்பார் ஒருவர். எச்சில் அனுப்பிச் செய்த டிஎன்ஏ சோதனையில் 2 விழுக்காடு யூதம் என்று வந்தது என்பார் இன்னொருவர். கொள்ளுப்பாட்டி வெள்ளிக்கிழமை மாலையில், யூதர்கள் ஓய்வுநாளை வரவேற்பதுபோல, மெழுகுவர்த்தி ஏற்றுவாள் என்பார் மூன்றாமவர்.

இதைத் தீர விசாரிக்க ஒருவர் பணமும் நேரமும் போடத் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதில் போடலாம்? என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் காசில்லாமல் கிடைக்கும் தேவாலய ஏடுகள். அப்புறம் குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவருக்கு ஒரு டிஎன்ஏ சோதனை. "யூதக் குடும்பப் பெயர்கள்" பட்டியலுக்கு ஒரு பெசோ கூடக் கொடுக்க வேண்டாம். வலையில் இதைத் தேடும் பெரும்பாலோர் தலைகீழாகத்தான் போகிறார்கள்: முதலில் பட்டியல், பிறகு சோதனை, ஏடுகள் பக்கம் போவதே இல்லை.

கொஞ்சம் பின்னணி வேண்டும். 1391ல் செவில்யாவில் தொடங்கிய கலவரம் ஸ்பெயினின் பல நகரங்களுக்குப் பரவியபோது, உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கான யூதர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களையும் அவர்கள் வழி வந்தவர்களையும் கொன்வெர்சோ என்றும் புதிய கிறிஸ்தவர் என்றும் அழைத்தார்கள். மதம் மாறாமல் மிஞ்சியவர்களை 1492ல் நாட்டை விட்டே விரட்டினார்கள். போர்ச்சுகலுக்கு ஓடியவர்களை 1497ல் அந்த நாட்டு மன்னர் மனுவேல் கட்டாயமாக மதம் மாற்றினார். 1580ல் இரண்டு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் வந்ததும், போர்ச்சுகல் கொன்வெர்சோக்களில் பலர் ஸ்பெயின் வழியாக அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறினார்கள். புதிய கிறிஸ்தவர்கள் அங்கே போகச் சட்டப்படி தடை இருந்தது. பொய்ச் சான்றிதழ் வாங்கியும், மாலுமியாக, வேலையாளாகப் பெயர் எழுதிக்கொண்டும் போனார்கள். 1571ல் மெக்சிகோ நகரத்திலேயே இன்குவிசிஷன் என்ற மதவிசாரணை மன்றம் உட்கார்ந்த பிறகு, பாட்டன் பூட்டன் பேச்சே அவர்களுக்கு ஆபத்தானது.

ஆக, நாம் தேடுவது தொலைந்துபோன ஒன்றை அல்ல. யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சம்பந்தப்பட்டவர்களே கவனமாக அழித்த ஒன்றை. எந்த முறையை எடைபோட்டாலும் இதை மனதில் வைக்க வேண்டும்.

குடும்பப் பெயர்

முதலில் இதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். மெக்சிகோவின் யூத வரலாற்றில் மிகவும் பேர்போன குடும்பம் கார்வஹால் குடும்பம். போர்ச்சுகலின் மொகதூரோவில் பிறந்த லூயிஸ் தெ கார்வஹால் 1579ல் ஸ்பெயின் மன்னரிடம் உரிமை வாங்கி, நுவேவோ லியோன் என்ற பெரிய நிலப்பரப்புக்கு ஆளுநராக வந்தார். கூட்டி வரும் ஆட்களுக்கு, புதிய கிறிஸ்தவரா என்று பார்க்கும் வழக்கமான வம்சச் சோதனையிலிருந்து விலக்குக் கிடைத்தது என்பது பரவலான கருத்து. தன் தங்கை குடும்பத்தையும் அழைத்து வந்தார். அவர் நல்ல கத்தோலிக்கர். தங்கை வீட்டிலோ யூத வழிபாடு மறைவாக நடந்துகொண்டிருந்தது.

அந்த ஒரே வீட்டின் பெயர்களைப் பாருங்கள். அப்பா பிரான்சிஸ்கோ ரொத்ரிகஸ் தெ மாதோஸ். அம்மா பிரான்சிஸ்கா நூன்யெஸ் தெ கார்வஹால். பிள்ளைகளில் ஒருத்தி இசபெல் ரொத்ரிகஸ் தெ அந்த்ராதா, இன்னொருத்தி கத்தலினா தெ லியோன், மற்றொருத்தி மரியானா நூன்யெஸ் தெ கார்வஹால். ஒரு மகன் பல்தசார் ரொத்ரிகஸ் தெ கார்வஹால். தாய்மாமனின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டவர் இளைய லூயிஸ் தெ கார்வஹால். ஒரு தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்குள் ரொத்ரிகஸ், அந்த்ராதா, லியோன், நூன்யெஸ், கார்வஹால் என்று ஐந்து பெயர்கள் புழங்குகின்றன. அந்தக் காலத்தில் இது தில்லுமுல்லு இல்லை. அப்பா வழி, அம்மா வழி, பாட்டி வழி, சொத்து கொடுத்த மாமா வழி என்று எந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளலாம். இன்று மெக்சிகோவில் இருக்கும் முறை, அதாவது அப்பாவின் முதல் குடும்பப் பெயர், அப்புறம் அம்மாவின் முதல் குடும்பப் பெயர், 19ஆம் நூற்றாண்டில்தான் ஒழுங்காக நிலைபெற்றது. இன்றைக்கு ஒருவருடைய பெயர் கார்வஹால் என்பதை வைத்து 1580ன் கார்வஹால் வீட்டோடு முடிச்சுப் போட்டால், நடுவில் எத்தனை இடத்தில் அந்தப் பெயர் தாவியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தவிர, அந்த வீட்டோடு துளிச் சம்பந்தமும் இல்லாத, பரம்பரையாகவே கிறிஸ்தவர்களான கார்வஹால்கள் ஸ்பெயினில் ஏராளம்.

மதம் மாறியவர்களுக்கு அடையாளம் காட்டும் பெயர் எதற்கு? ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையின் பெயரை எடுத்தார்கள், ஊர்ப் பெயரை எடுத்தார்கள், பக்கத்து வீட்டில் என்ன பெயரோ அதை எடுத்தார்கள். கூட்டத்தில் கரைந்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் இன்குவிசிஷன் வழக்குகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் லோபெஸ், பெரெஸ், ரொத்ரிகஸ், கோமெஸ் போன்ற, ஊருக்கு ஆயிரம் பேருக்கு இருக்கும் பெயர்க்காரர்கள். "எஸ்" என்று முடிந்தால் யூதப் பெயர் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நாம் அப்பா பெயரை இனிஷியலாக வைப்பதுபோல, பெரெஸ் என்றால் பேத்ரோவின் மகன், அவ்வளவுதான். அந்த வால் யூதருக்கும் உண்டு, மன்னர் படைத் தளபதிக்கும் உண்டு.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பொறி. கோஹென், லெவி என்று அப்பட்டமான யூதப் பெயர் மெக்சிகோ குடும்பத்தில் இருந்தால், அது கொன்வெர்சோ மிச்சமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் அலெப்போ, டமாஸ்கஸ், துருக்கி, கிழக்கு ஐரோப்பா என்று பல இடங்களிலிருந்து யூதர்கள் மெக்சிகோவுக்குக் குடியேறினார்கள். இன்றைய மெக்சிகோ யூத சமூகம் பெரும்பாலும் அவர்கள் வழி வந்ததுதான். அந்தப் பெயர் 400 ஆண்டு ரகசியத்தைச் சொல்லவில்லை, கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தாவைச் சொல்கிறது.

பட்டியல்களின் கதை இன்னும் வேடிக்கை. யூத வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை ஸ்பெயின் 2014ல் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 5,200க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட "அரசுப் பட்டியல்" ஒன்று இணையத்தில் பறந்தது. அதில் இருந்தால் கடவுச்சீட்டு நிச்சயமாம். அப்படி எந்தப் பட்டியலையும் ஸ்பெயின் அரசு வெளியிடவில்லை. ஆனாலும் அது இன்றைக்கும் சுற்றுகிறது. ஸ்பானிஷ் பேசும் எவருடைய பெயரும் அதில் எங்கேயாவது இருக்கும் என்பதுதான் அதன் வெற்றி.

அப்படியானால் குடும்பப் பெயரால் பயனே இல்லையா? உண்டு, ஏடுகளில் தேடுவதற்கான சாவியாக. அதிலும் ஒற்றைப் பெயரைவிட, ஒரே ஊரில் சில பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்தால் அது கவனிக்க வேண்டிய தடயம். அதிலும் ஒரு எச்சரிக்கை: வடகிழக்கு மெக்சிகோவில் குடியேறிய குடும்பங்கள் குறைவு. அடுத்த ஸ்பானியக் குடியிருப்பு பல நாள் பயணத்தில். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்ய யூதராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

டிஎன்ஏ

இங்கேதான் பணம் போகிறது, நம்பிக்கையும் போகிறது. நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். 2018ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலி, பிரேசில் ஆகிய ஐந்து நாடுகளில் 6,500க்கும் மேற்பட்டோரின் மரபணுவை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 23 விழுக்காட்டினரிடம், செஃபார்டிக் யூதர் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர்), கிழக்கு மத்தியதரைக்கடல், வட ஆப்பிரிக்க மக்கள் ஆகியோரோடு ஒத்துப்போகும் மரபுக்கூறு 5 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தது. கொன்வெர்சோக்கள் பெருமளவில் வந்திருக்க வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று. பாட்டி சொன்னது வெறும் கதையில்லை என்று நினைக்க இடம் இருக்கிறது.

ஆனால் இது ஒரு மக்கள்தொகையைப் பற்றிய விடை. உங்கள் குடும்பத்தைப் பற்றிய விடையாக மாற்றும்போதுதான் சிக்கல். அந்த ஆய்வே செஃபார்டிக் கூறையும் கிழக்கு மத்தியதரைக்கடல், வட ஆப்பிரிக்கக் கூறுகளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைச் சொன்னது. ஸ்பெயினில் ஃபினீசியர், ரோமானியர், மூர்கள் என்று பலர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து கலந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன மரபணுவும் ஒரு செஃபார்டிக் யூதரின் மரபணுவும் பல இடங்களில் ஒன்றுபோலவே தெரியும்.

ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி யூதர்களைப் பொறுத்தவரை கடையில் வாங்கும் சோதனைகள் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கின்றன. காரணம், சுமார் 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன் அந்தச் சமூகம் ஏறக்குறைய 350 பேர் என்று கணக்கிடும் அளவுக்குச் சுருங்கி, பிறகு பெருகியது. அதனால் அவர்களுக்குள் மரபணு ஒற்றுமை அதிகம், அடையாளம் காண்பது சுலபம். செஃபார்டிக் சமூகம் அப்படிச் சுருங்கவில்லை. மொராக்கோ, துருக்கி, பால்கன், இத்தாலி என்று சிதறி, அங்கங்கே இருந்த யூதர்களோடு கலந்தது. மைஹெரிடேஜ் போன்ற நிறுவனங்கள் செஃபார்டிக் என்று ஒரு பிரிவு வைத்திருக்கின்றன. ஆனால் ஒப்பிடுவதற்கு அவர்கள் எடுத்துக்கொள்வது இன்றைக்கு வாழும் செஃபார்டிக் மக்களை. 1497ல் லிஸ்பனில் மதம் மாறியவரின் மாதிரி யாரிடமும் இல்லை.

சரி, கணக்குப் பார்ப்போம். 1580ல் வந்த ஒரு மூதாதை உங்களுக்கு ஏறக்குறைய 15 தலைமுறை தள்ளி. அந்த அடுக்கில் உங்கள் குடும்ப மரத்தில் 32,768 இடங்கள். ஆனால் உங்கள் உடலில் இருக்கும் டிஎன்ஏ அந்த அடுக்கிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் துண்டுகளாக மட்டுமே வந்திருக்கும். அதாவது ஒரு குறிப்பிட்ட மூதாதையின் டிஎன்ஏ உங்களிடம் துளியாவது இருக்க வாய்ப்பு நூற்றுக்கு மூன்று. மீதி 97 பேருக்கு, அவர் உண்மையிலேயே மூதாதையாக இருந்தாலும், சோதனை எதையும் காட்டாது. சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பங்களில் ஒரே ஆள் பல இடங்களில் வருவார், அதனால் வாய்ப்பு கூடும். ஆனாலும் "சோதனையில் ஒன்றும் வரவில்லை, ஆகவே பாட்டி பொய் சொன்னாள்" என்ற முடிவுக்கு இடமே இல்லை.

வந்துவிட்டால் மட்டும்? 1 அல்லது 2 விழுக்காடு யூதம் என்பது மெக்சிகோக்காரர்களின் முடிவுகளில் அடிக்கடி தலைகாட்டும். நிறுவனம் அடுத்த முறை தன் கணக்கீட்டைப் புதுப்பிக்கும்போது அது காணாமல் போனாலும் போகும், 4 ஆனாலும் ஆகும். ஜெட்மேட்ச் தளத்தில் இருக்கும் யூரோஜீன்ஸ் ஜே-டெஸ்ட் என்ற கணிப்பான் இன்னும் மோசம். தென் ஐரோப்பிய வேர் உள்ள யாருக்கும் சில விழுக்காடு அஷ்கெனாசி என்று தாராளமாக அள்ளிக் கொடுக்கும். அதைப் படம் பிடித்துப் பெருமையாகப் பகிர்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சோதனையில் அஷ்கெனாசி 6, 12 விழுக்காடு என்று பெரிய எண் வந்தால் அது நிஜம், அதோடு அண்மைக் காலத்தது. கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா அளவில் ஒருவர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டைத் தோண்டப் போய் 1910ல் ஒரு புதையல் கிடைத்த மாதிரி. பலர் அதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்வது எனக்குப் புரிவதில்லை.

தந்தை வழியைக் காட்டும் ஒய் குரோமோசோம் சோதனையும் தாய் வழியைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியா சோதனையும் தனி ரகம். இவை தலைமுறைதோறும் பாதியாகக் குறைவதில்லை. 15 தலைமுறை தாண்டியும் அப்படியே நிற்கும். ஆனால் ஒவ்வொன்றும் 32,768 இடங்களில் ஒரே ஒரு இடத்தைத்தான் காட்டும். மெக்சிகோவில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. குடியேறிய ஸ்பானியர்களில் ஆண்களே பெரும்பான்மை, அவர்கள் பிள்ளை பெற்றது பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்களோடு. அதனால் இன்றைய மெக்சிகோக்காரரின் தாய் வழி பெரும்பாலும் ஏ, பி, சி, டி என்ற பூர்வகுடிக் குழுக்களில் போய் நிற்கும். யூத மதச் சட்டத்தில் தாய் வழிதான் செல்லும். அதை மனதில் வைத்துத் தாய் வழிச் சோதனை வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பல்லாயிரம் ஆண்டுப் பழமையான ஓர் அமெரிக்கக் கண்டத்து மூதாட்டி. மோசமான பரிசு இல்லை, கேட்ட கேள்விக்கான பதில் மட்டும் இல்லை.

தந்தை வழியில் ஜே1, ஜே2 என்ற குழுக்கள் வந்தவுடன், யூத வழிதான் என்று துள்ளிக் குதிக்கிறவர்கள் உண்டு. அந்தக் குழுக்கள் லெபனான், இத்தாலி, கிரீஸ், அரேபியா எங்கும் பரவியவை. 2008ல் ஸ்பெயின், போர்ச்சுகல் ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து, ஏறக்குறைய 20 விழுக்காடு செஃபார்டிக் வழி என்று ஓர் ஆய்வு சொன்னபோது, இதே காரணத்துக்காகத்தான் மறுப்பும் கிளம்பியது. குழுப் பெயரோடு நிற்காமல், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ விற்கும் பிக் ஒய் போன்ற நுட்பமான சோதனையில், துருக்கியிலோ மொராக்கோவிலோ வாழ்ந்த செஃபார்டிக் குடும்பத்தோடு சில நூறு ஆண்டுகளுக்குள் ஒரே கிளையில் சேர்ந்தால் அது பேசத் தகுந்த சான்று. விலை அதிகம். ஏடுகள் வழியாக உங்கள் ஆண் வழி ஒரு குடியேறியவர் வரை அறுபடாமல் போகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பழைய ஏடுகள்

மெக்சிகோவில் வேர் உள்ளவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். 1859ல் பெனித்தோ ஹுவாரெஸ் அரசு பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு முழுக்கத் தேவாலயப் பதிவேடுகள். இவற்றில் பெரும்பகுதியின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல ஞானஸ்நானப் பதிவுகளில் குழந்தையின் தாய் தகப்பனோடு தாத்தா பாட்டி நால்வர் பெயரும் இருக்கும். ஒரு பதிவு கிடைத்தால் இரண்டு தலைமுறை ஏறிவிடலாம். 2024லிருந்து மெக்சிகோ நோட்டரி ஆவணங்களை, கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடித் தரும் வசதியும் அங்கே வந்துவிட்டது. உயில், சீதனப் பத்திரம், நில விற்பனை எல்லாம் அதில் சிக்குகின்றன.

ஆனால் உண்மையான தங்கச் சுரங்கம் தீஸ்பென்சா என்று சொல்லும் திருமண விலக்கு ஆவணங்கள். அந்தக் காலக் கத்தோலிக்கச் சட்டப்படி, ஒரே கொள்ளுப்பாட்டனின் பெற்றோரில் சேரும் உறவு வரை, அதாவது நான்காம் படி வரை, சொந்தத்துக்குள் கல்யாணம் செய்ய ஆயரின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும்போது பாதிரியார் இருவரும் எப்படிச் சொந்தம் என்று மரம் போட்டுக் காட்டுவார், ஊர்ப் பெரியவர்கள் சாட்சி சொல்வார்கள். ஆட்கள் குறைந்த வடகிழக்கில் இது சர்வ சாதாரணம். ஒரே தாளில் ஐந்து தலைமுறை, சாட்சியோடு. குவாதலஹாரா மறைமாவட்டக் கோப்புகளில் இப்படிப்பட்டவை குவிந்து கிடக்கின்றன. கார்சா, த்ரெவின்யோ, எலிசோந்தோ, கந்த்தூ என்று எந்தப் பெயரில் தொடங்கினாலும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் மற்ற பெயர்களில் போய் முட்டிக்கொள்வீர்கள்.

இப்படி ஏறிப் போய் 1650க்கு அருகில் ஒரு பெயரில் நின்றால், அங்கிருந்து இன்குவிசிஷன் கோப்புகள். அவை மெக்சிகோ நகரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லெகும்பெர்ரி சிறைச்சாலையாக இருந்த கட்டடம் அது. கைதிகளை வைத்திருந்த இடத்தில் இன்று கைதிகளின் கோப்புகள். இன்குவிசிஷன் விசாரணையில் ஒரு நடைமுறை உண்டு. கைதானவர் ஆரம்பத்திலேயே தன் வம்சாவளியைச் சொல்ல வேண்டும்: தாய் தகப்பன், இரு வழித் தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை, உடன்பிறந்தோர், மனைவி, மக்கள், அவர்கள் எந்த ஊர், யாரைக் கட்டினார்கள், எந்த இனவழி. பிறகு வாழ்க்கைக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தை அழிப்பதற்காகச் சேகரித்த அந்தக் குறிப்புகள்தான் இன்று அந்தக் குடும்பத்தைத் தேடுகிறவருக்கு மிகச் சிறந்த மூலம். கார்வஹால் வீட்டில் இத்தனை பெயர்கள் புழங்கின என்று நமக்குத் தெரிவதே அதனால்தான். இளைய லூயிஸும் தாயும் மூன்று சகோதரிகளும் 1596 டிசம்பர் 8 அன்று மெக்சிகோ நகரத்தில் எரிக்கப்பட்டார்கள். மரியானா 1601ல், அந்த வீட்டு மகள் ஆனா 1649ல். லூயிஸ் தன் கையால் எழுதிய சுயசரிதையே அந்தக் காப்பகத்தில் இருந்தது. 1932ல் அது திருடுபோய், 2016ல் நியூயார்க்கில் தலைகாட்டி, 2017ல் மெக்சிகோவுக்குத் திரும்பியது.

கடலுக்கு அந்தப் பக்கம் தேட இரண்டு வழிகள். ஸ்பெயினின் பாரெஸ் தளத்தில் செவில்யாவின் இண்டீஸ் காப்பகத்தின் (இண்டீஸ் என்றால் இங்கே ஸ்பெயினின் அமெரிக்கப் பகுதிகள்) பயணிகள் பதிவுகள் கிடைக்கும். போர்ச்சுகலின் தோர்ரே தோ தொம்போ காப்பகம் இன்குவிசிஷன் வழக்குகளை ஏராளமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறது.

குறைகளும் உண்டு. 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து, ஒரு வரியில் பேனாவைத் தூக்காமலே எழுதிய கோழிக்கிறுக்கல். பழக மாதங்கள் ஆகும். மொன்தெர்ரே 1596ல் தோன்றியது, ஆனால் கைக்குக் கிடைக்கும் தேவாலயப் பதிவுகள் பல பத்தாண்டுகள் கழித்தே தொடங்குகின்றன. அந்த இடைவெளியில்தான் இணையத்துக் குடும்ப மரங்கள் துணிச்சலாகத் தாவுகின்றன. 1700ல் ஒரு கார்சாவில் நின்றவர் அடுத்த வரியில் ஸ்பெயினின் டோலெடோ நகரத்து ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம், போய் இறங்குவார். நடுவில் ஆவணம் இல்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் நகல் எடுத்ததுதான். "பெற்றோர் தெரியாத பிள்ளை" என்று எழுதிய இடத்தில் ஏடு நின்றுவிடும். அங்கே டிஎன்ஏதான் கை கொடுக்கும். இன்னொன்று: இன்குவிசிஷன் கோப்பில் முன்னோர் பெயர் இருந்தால் மட்டும் யூதர் ஆகிவிடமாட்டார். இரண்டாம் கல்யாணம், மந்திர தந்திரம், தெய்வ நிந்தனை என்று பிற குற்றங்களுக்கான வழக்குகளே அதிகம். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, நன்றாக மறைத்துக்கொண்டவருக்குக் கோப்பே கிடையாது. ஏடுகள் பிடிபட்டவர்களைத்தான் காட்டும்.

வீட்டு வழக்கங்கள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். பன்றிக்கறி சாப்பிடாதது, அறையின் நடுவை நோக்கிப் பெருக்குவது, சாவு வீட்டில் கண்ணாடியை மூடுவது, மொன்தெர்ரேயின் ஆட்டுக்குட்டிக் கறி: இவற்றையெல்லாம் யூத அடையாளம் என்பார்கள். வறண்ட நிலத்தில் ஆடுதான் வளரும் என்பதற்கு யூத விளக்கம் தேவையில்லை. அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவில் இத்தகைய வழக்கங்களை வைத்து, அங்கே ரகசிய யூதர்கள் வாழ்ந்தார்கள் என்று எழுந்த வாதத்தை நாட்டார் வழக்காற்றியலாளர் ஜூடித் நியூலாண்டர் கடுமையாக மறுத்தார். சிலவற்றுக்கு 20ஆம் நூற்றாண்டில் அங்கே பரவிய, சனிக்கிழமையை அனுசரிக்கும் புரொட்டஸ்டன்ட் சபைகளைக் காரணமாகக் காட்டினார். குடும்பக் கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே வீட்டில் இரண்டு உதாரணங்கள்: ஓவியர் தியேகோ ரிவேரா தன் ரத்தத்தில் யூத வேர் உண்டு என்று சொல்லிவந்தார். அவர் மனைவி ஃப்ரீதா காலோ தன் அப்பா ஹங்கேரிய யூதர் வழி என்றார். ஜெர்மனியில் ஏடுகளைத் தேடியவர்கள் அந்த அப்பாவின் குடும்பம் தலைமுறைகளாக லூத்தரன் கிறிஸ்தவர்கள் என்று காட்டினார்கள். ஏடு பேசியதும் அந்தக் கதை முடிந்தது. ஆனாலும் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். மெழுகுவர்த்திக்காக அல்ல, அவர் வாயில் வரும் ஊர்ப் பெயர், பண்ணைப் பெயர், உறவு முறைக்காக.

எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து

ஸ்பெயின் குடியுரிமைக்காக என்றால் கதவு மூடியாயிற்று. 2015 அக்டோபரில் திறந்த சட்டம் 2019 அக்டோபரில் முடிந்தது. சுமார் 1,32,000 பேர் விண்ணப்பித்தார்கள், அதில் ஏறக்குறைய 20,000 பேர் மெக்சிகோவிலிருந்து. 2021ல் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டபோது பலர் அதிர்ந்து போனார்கள். போர்ச்சுகல் 2022ல் விதிகளை இறுக்கியது, 2024ல் மூன்று ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்றது. மெக்சிகோவில் உட்கார்ந்தபடி கடவுச்சீட்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது இன்று பணம் கேட்டால், விலகி நடங்கள்.

யூத மதத்துக்குத் திரும்புவதற்காக என்றால், மூன்று முறைகளில் எதுவுமே நேராக உதவாது. தாய் வழி அறுபடாத ஆவணம் 15 தலைமுறைக்கு யாரிடமும் இருக்காது, விழுக்காட்டுக் கணக்கைப் பெரும்பாலான ரபிகள் ஏற்பதில்லை. படித்து, மதம் மாறும் முறையைப் பின்பற்றச் சொல்வார்கள். அதற்கு முன்னோர் தேவையே இல்லை.

மருத்துவக் காரணம் உண்மையானது. அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படும், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் ஒன்று, கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் வாழும் ஸ்பானிஷ் வழிக் குடும்பங்களிலும் மெக்சிகோ வழிப் பெண்களிடமும் கிடைத்திருக்கிறது. குடும்பத்தில் மார்பக, சூலகப் புற்றுநோய் இருந்தால் எச்சில் டப்பா வாங்காமல் மருத்துவரிடம் போய் முழுமையான மரபணுச் சோதனை கேளுங்கள். அதே பிஆர்சிஏ1ல் மெக்சிகோ மக்களுக்கே உரிய, யூதத் தொடர்பில்லாத பெரிய நீக்கம் ஒன்றும் இருக்கிறது. குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டும் பார்க்கும் வீட்டுச் சோதனை "இல்லை" என்றால் அதில் ஆறுதல் அடைய ஒன்றும் இல்லை.

வெறும் ஆர்வம் என்றால், அதுதான் சரியான காரணம் என்பது என் கருத்து. அப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 32,768 இடங்கள் உள்ள மரத்தில் ஒரு கொன்வெர்சோவாவது இருப்பாரா என்றால், ஸ்பானியக் குடியேறிகள் வழி வந்த குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஆம் என்றே சொல்லலாம். அதனால் "உண்டா இல்லையா" என்பதற்குப் பணம் செலவழிப்பது வீண். "யார், எந்த ஊர், என்ன ஆனார்" என்பதற்கு ஏடு மட்டுமே பதில் சொல்லும்.

டிஎன்ஏ சோதனை செய்வதென்றால் உங்களுக்குச் செய்யாதீர்கள், பாட்டிக்குச் செய்யுங்கள். இரண்டு தலைமுறை முன்னால் இருப்பதால் அவரிடம் இருப்பதில் கால்வாசிதான் உங்களிடம் இருக்கும். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்யுங்கள். 2023ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து திருடிய தகவல்களில் முதலில் இணையத்தில் வெளியானது அஷ்கெனாசி யூத வழி உள்ளவர்களின் பட்டியல்தான். மறைந்து வாழ்ந்தவர்களின் பேத்தி இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் அது நியாயமான பதில்.

தொழில்முறை வம்சாவளி ஆய்வாளரை அமர்த்துவது கடைசி. நீங்களாகவே 1700க்கு முந்தைய ஒரு பெயர் வரை ஆவணத்தோடு வந்த பிறகு, அந்தக் கையெழுத்தைப் படிக்கவும் காப்பகத்தில் கோப்பைத் தேடவும் அவரிடம் கொடுங்கள். அதற்கு முன்பே கொடுத்தால், ஃபேமிலிசர்ச்சில் நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய வேலைக்கு மணிக்கணக்கில் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.